மறு: செட் சுவரில் மாட்டிய சேவலுக்கு ஒரு சொல் வேண்டும்

நி., சென்னை

அன்புடையீர், வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு சொல் தேவை.

முதலாண்டு மாணவர்களுக்குப் பேசாப்படக் காலம் பற்றிப் பாடம் எழுதுகிறேன். பிரான்சின் பாத்தே திரைப்பட நிறுவனம் (தொடக்கம் 1896) தன் அடையாளமான சேவலைத் தலைப்பு அட்டையில் போட்டதோடு நிற்கவில்லை. செட்டுக்குள்ளேயே, சுவரிலோ தரையிலோ, கண்ணில் படும்படி சேவல் உருவை வைத்துப் படம் பிடித்தது. அப்போது படப்பிரதிகளை மீட்டர் கணக்கில் விற்றார்கள். வாங்கியவர் அதிலிருந்து நெகட்டிவ் எடுத்து, தலைப்பைக் கத்தரித்துவிட்டுத் தன் பெயரை ஒட்டி விற்கலாம். காட்சிக்குள் நிற்கும் சேவலைக் கத்தரிக்க முடியாதல்லவா! 1907இல் பாத்தே விற்பனையை விட்டு வாடகை முறைக்கு மாறத் தொடங்கியது. செட்டுச் சேவலுக்கு வேலை குறைந்தது. தலைப்பிலும், காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் இடையட்டையின் மூலையிலும் தங்கி, பின்னாளில் செய்திப்பட முகப்பில் கூவியது.

முகப்பில் வருவது 'முகப்புச் சின்னம்'. செட்டுக்குள் இருப்பது?

செ., தஞ்சாவூர்

முதலில் 'சின்னம்' வேண்டாம், வடசொல். போதாக்குறைக்கு, 'சேவல் சின்னம்' என்றால் என் வயதுக்காரர்களுக்கு ஜெயலலிதா அணி அந்தச் சின்னத்தில் நின்ற 1989 தேர்தல்தான் நினைவுக்கு வரும். நம்மிடம் பொறி இருக்கிறது. புகார்த் துறைமுகத்தில் சரக்கின்மேல் 'புலி பொறித்துப் புறம் போக்கி' என்கிறது பட்டினப்பாலை. உள்ளே இருப்பதால் உட்பொறி. முடிந்தது.

அ., கோவை

> முடிந்தது.

முடியவில்லை ஐயா. நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவன். உட்பொறி என்றால் என் பையன்கள் இன்ஜினுக்குள் இன்ஜின் என்பார்கள். எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி... அந்தச் சொல் ஏற்கெனவே நாலு வீட்டில் வேலை பார்க்கிறது.

த., யாழ்ப்பாணம்

எங்களிடம் இலச்சினை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். ஏன் இவ்வளவு பாடு? இல்லாவிட்டால் குறி இருக்கிறது. வன்னியில் மாட்டுக்குக் குறிசுடுவார்கள். மாடு எந்தப் பட்டியில் நின்றாலும் யாருடையது என்று தெரியும். படத்துக்கும் அதுதானே நடந்தது?

செ., தஞ்சாவூர்

இலச்சினையின் மூலத்தைத் தோண்டினால் மறுபடி வடமொழிதான். குறி நல்ல சொல். ஆனால் ஆரூடக்காரர் சொல்வதும் குறிதான்.

ம., மதுரை

செ. ஐயாவுக்கு ஒரு திருத்தம். பட்டினப்பாலையில் புலி பொறித்தவன் சரக்குக்காரன் இல்லை. சுங்கத்தாரின் முத்திரை அது, அரசுடையது. சரக்குக்காரனின் அடையாளம் சிலம்பில் வருகிறது: 'வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி'. பாத்தே சேவல் உடைமையாளனின் அடையாளம். ஆகவே கண்ணெழுத்து.

செ., தஞ்சாவூர்

அந்த அடியிலேயே 'பொறித்த' இருப்பதை அம்மா கவனிக்கவும். தவிர, சேவல் எழுத்தா?

நி., சென்னை

இங்கேதான் எனக்கும் இடிக்கிறது. நியூயார்க்கின் பயோகிராஃப் நிறுவனம் வட்டத்துக்குள் ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளைச் சுவரில் மாட்டியது. 1908 முதல் 1913 வரை இயக்குநர் கிரிஃபித் அங்கே எடுத்த படங்களில், ஏழை வீடானாலும் பணக்கார வீடானாலும் அந்த வட்டம் தொங்கும். பிரெஞ்சு இயக்குநர் மெலியேயின் ஸ்டார் ஃபிலிம் நிறுவனத்துக்கு நட்சத்திரம். சொல் மூன்றுக்கும் பொருந்த வேண்டும்.

கு., கும்பகோணம்

இலத்தீனில் சேவலுக்கும் பிரான்சின் பழங்குடிக்கும் ஒரே சொல், 'கல்லுஸ்'. அந்தச் சிலேடைதான் சேவலைப் பிரான்சுக்கு அடையாளமாக்கியது. நம்மிடம் வாரணம் என்றால் யானையும் உண்டு, கோழியும் உண்டு. உறையூரில் யானையைக் கோழி வென்றதைச் சிலம்பு 'முறஞ்செவி வாரணம்', 'புறஞ்சிறை வாரணம்' என்று...

மட்டுறுத்துநர்

கு. அவர்களே, வாரணத்துக்குத் தனி இழை தொடங்குங்கள்.

இ., திருச்சி

எங்கள் வீட்டில் எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தால் தூக்கு திரும்பி வரவேண்டுமே. 'பெயர்வெட்டு' என்று வைத்தால் என்ன? சலவைக்குப் போகும் துணியில் சேங்கொட்டைக் குறி போடுவதும் உண்டு. துணி கிழிந்தாலும் அது போகாது.

அ., கோவை

சேங்கொட்டை போகாது, சேவல் போயிருக்கிறது அக்கா. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லூபின் என்ற பட நிறுவனத்தில் வேலை பார்த்த ஃப்ரெட் பால்ஷோஃபர், பாத்தே, மெலியே படங்களின் பிரதிகளில் இந்த அடையாளங்களை மறைப்பதே தன் வேலையாக இருந்ததென்று பிற்காலத்தில் எழுதினார். கத்தரிக்கத்தான் முடியாது, மறைக்க முடியும். அதே லூபின் தன் படங்களுக்கு அந்த ஊரின் புகழ்பெற்ற சுதந்திர மணியை அடையாளமாக வைத்துக்கொண்டதுதான் வேடிக்கை.

வி., மயிலாடுதுறை

கீர்த்தனையில் இயற்றியவர் தன் அடையாளத்தைச் சாகித்தியத்துக்குள் வைப்பதை என்ன சொல்கிறோம்? முத்திரை. தீட்சிதரின் 'குருகுஹ' அப்படித்தான். பாட்டை எவர் பாடினாலும் அது கூடவே வரும். சம்பந்தர் தம் பெயரைக் கடைக்காப்பில் வைத்தார். முத்திரை, உள்முத்திரை.

செ. ஐயா கோபிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: முத்துதல் என்றால் தொடுதல். உதடு தொட்டால் முத்தம், அச்சுத் தொட்டால் முத்திரை. தமிழ்தான்.

செ., தஞ்சாவூர்

அப்படியானால் மாத்திரையும் யாத்திரையும் எதைத் தொட்டன?

கடைக்காப்பு திருட்டுக்குப் பயந்து வைத்ததும் அல்ல. பதிகம் ஓதுவோர்க்குப் பயன் சொல்லும் பாட்டு அது.

ம., மதுரை

எனக்கு உள்முத்திரை சம்மதம். கண்ணெழுத்தைக் கைவிட மட்டும் மனம் வரவில்லை. பாத்தே படச்சுருளின் ஓரத்தில் துளைகளை ஒட்டி நிறுவனத்தின் பெயரும் 'பாரிஸ்' என்பதும் ஓடுமே, அதற்கு வைத்துக்கொள்ளலாமா? துளையும் ஒரு கண்தான். அங்கே இருப்பதும் எழுத்துதான்.

நி., சென்னை

அருமை, எடுத்துக்கொண்டேன். மாணவர்கள் நாலு பேரிடம் கேட்டும் பார்த்தேன். உட்பொறி என்றதற்கு ஒருவன் 'ஆப் மாதிரியா?' என்றான். உள்முத்திரையை யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இறுதி செய்தவை: முகப்பில் வருவது முகப்புமுத்திரை, இடையட்டை மூலையில் வருவது அட்டைமுத்திரை, செட்டுக்குள் இருப்பது உள்முத்திரை, சுருளின் ஓரத்தில் ஓடுவது கண்ணெழுத்து. த. அண்ணாவுக்காக, ஈழ வழக்கில் இலச்சினை என்று அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

த., யாழ்ப்பாணம்

அடிக்குறிப்பிலாவது இடம் கிடைத்ததே, நன்றி.

செ., தஞ்சாவூர்

என் மறுப்பைப் பதிவு செய்க. பெரும்பான்மைக்காக இலக்கணத்தையும் விடவேண்டியதில்லை. நாள்+மலர் நாண்மலர் என்றால், உள்+முத்திரை உண்முத்திரை. அச்சுக்கு அனுப்புமுன் திருத்தவும்.

நி., சென்னை

ஐயா, உண்முத்திரை என்று போட்டால் சாப்பிடும் முத்திரை என்று எழுதி வைப்பார்கள். காலையிலேயே கோப்பை அனுப்பிவிட்டேன்.

செ., தஞ்சாவூர்

இரண்டாம் பதிப்பு வருமல்லவா?