புதுப்பிப்பு: குடுவையில் வைத்த ஹயசிந்த் பூத்துவிட்டது

அக்டோபர் கடைசியில் கேட்டிருந்தேன்: தண்ணீர்க் குடுவையில் வைத்த மூன்று ஹயசிந்த் (வாசனைப் பூச்செடி) கிழங்குகளில் ஒன்றின் அடி கொழகொழவென்று ஆகிவிட்டது, என்ன செய்வது என்று. தண்ணீர் கிழங்கைத் தொடக் கூடாது என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அதேதான் காரணம். அழுகியதை எடுத்துப் போட்டுவிட்டு, மற்ற இரண்டுக்கும் அடியில் அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். வேர் ஈரத்தைத் தேடித் தானாகவே இறங்கியது.

அப்புறம் 12 வாரம் குடுவையோடு ஃபிரிட்ஜில். அங்கிருந்த ஆப்பிளை வெளியே எடுத்துவிட்டேன். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும். குளிர் போதாவிட்டால் தண்டு நீளாமல் இலைக்குள்ளேயே பூ மாட்டிக்கொள்ளும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். முளை ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் வெளியே எடுத்து, சில நாள் நிழலான மூலையில் வைத்து, பிறகு ஜன்னலோரம் மாற்றினேன்.

இப்போது குடுவை முழுக்க சேமியா போல வெள்ளை வேர். நேற்றுக் காலை கீழ் வரிசை மொட்டுகள் விரிந்தன. நல்ல நீலம், இதழ் நுனி பின்னால் சுருண்டு, தொட்டால் மெழுகு போல. வாசனை சமையலறை வரை வருகிறது.

கிழங்கை வெறுங்கையால் தொடாதீர்கள், எனக்கு விரலெல்லாம் அரித்தது. அடுத்து பேப்பர்வொயிட் நார்சிசஸ் என்ற வெள்ளைப் பூ பூக்கும் கிழங்கை வைக்கப் போகிறேன். அதை இப்படிக் குளிரில் வைக்கவே தேவையில்லை.