மத்தியான வெயிலில் ஏறிய முள்

பழைய ஃபிட்டர்:
திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு பேப்ரிகேஷன் கடையில் ஒன்பது வருடம் இருந்தேன். ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தொட்டியில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றித் தாங்குகிறதா என்று பார்ப்பது என்றால், எல்லாரும் பம்பைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பயம் பம்ப் நின்ற பிறகுதான்.

ஒரு ஏர் ரிசீவர், அமுக்கிய காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டி. வேலை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ, டெஸ்ட் 13. ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதிக் கணக்கில் 1.3 மடங்கு. 1999-க்கு முன்னால் ஒன்றரை மடங்கு. இந்தக் குறைப்பு எங்கள் மேஸ்திரிக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. காலையிலேயே போர் தண்ணீர் நிரப்பி, உச்சி வென்ட்டில் குமிழி நின்று தண்ணீர் கம்பியாக வரும்வரை காத்திருந்து அடைத்தோம். உள்ளே காற்று மாட்டினால் அமுக்கிய ஸ்பிரிங் மாதிரி. எங்காவது விட்டுப்போனால் தண்ணீர் பீச்சுவதோடு நிற்காது, துண்டு பறக்கும்.

13 ஏறியது. இன்ஸ்பெக்டர் வரத் தாமதமாகும் என்றார்கள். வால்வை அடைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தால் அழுத்தம் காட்டும் கேஜின் முள் 16-ஐத் தாண்டி நிற்கிறது! பம்பைக் கழற்றி ஓரமாக வைத்தது வைத்தபடி இருக்கிறது. யாரும் தொடவில்லை. ரிசீவர் நின்றது ஷெட்டுக்கு வெளியே, சித்திரை வெயிலில். தண்ணீர் சூடாகி விரிகிறது, விரிய இடமில்லை. காற்றை அவ்வளவு சுத்தமாக வெளியேற்றியதே வினையாகிவிட்டது. மேஸ்திரி கீழே தண்ணீர் இறக்கும் வால்வை மெல்லத் திறக்க, முள் இறங்கியது.

ஆள் இல்லாதபோது வெயிலில் சூடாகும் என்றால் டெஸ்ட் அழுத்தத்தைப் போல 1⅓ மடங்கில் தானே திறந்து அழுத்தத்தை விடும் ரிலீஃப் வால்வு மாட்டச் சொல்லி அந்த ஏஎஸ்எம்இ விதிகளிலேயே பரிந்துரை இருக்கிறது. எங்களுக்கு அது 17 சொச்சம். மாட்டியிருந்தாலும் அன்றைக்குத் திறந்திருக்காது, ஆனால் அதற்குமேல் ஏற விட்டிருக்காது.

இன்ஸ்பெக்டரிடம் மறைக்கவில்லை. அவர் முகம் மாறியது. கண்ணுக்குத் தெரிய உருவம் மாறியிருந்தால் தள்ளிவிடும் உரிமை அவருக்கு உண்டு. டேப் போட்டுச் சுற்றளவு அளந்தார், பழைய அளவோடு ஒத்துப்போனது. அப்புறம் அழுத்தத்தை 10-ல் வைத்து வெல்டு ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் ஒருவனைக் காவல் வைத்தோம்.

நசுங்கிய டேங்க்:
எங்களுக்கு டெஸ்ட் நன்றாகவே முடிந்தது. தண்ணீரை இறக்கும்போது கெட்டது. மெல்லிய தகடு டேங்க். தூசி விழக்கூடாது என்று மேல் வென்ட்டில் யாரோ பாலித்தீன் கட்டியிருந்தார்கள். கீழே திறந்ததும் உள்ளே வெற்றிடம். காலி பாட்டிலை வாயால் உறிஞ்சியதுபோல நடுவில் குழிந்துவிட்டது.

க்யூசி அக்கா:
எனக்குத் தரம் சரிபார்க்கும் வேலை. என் கதை நேம் பிளேட், தொட்டி மேல் மாட்டும் விவரத் தகடு. ஒரே ஆர்டரில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வெசல்கள், அழுத்தம் தாங்கும் தொட்டிகள். பிளேட்டில் அழுத்தம், வெப்பநிலை, சீரியல் எண், கட்டிய ஆண்டு எல்லாம் சரியாகப் பஞ்ச் செய்தாயிற்று. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவும் எடுத்தாயிற்று, சின்ன வயதில் காசு மேல் தேய்ப்போமே, அதேதான். ஃபைல் மூடுகிற நேரத்தில் வெசலின் உடல் தகட்டில் இருந்த ஹீட் நம்பரை, அந்த இரும்பை உருக்கிய தொகுதியின் எண்ணைப், பார்த்தேன். பிளேட்டின் சீரியலுக்கு ஃபைலில் இருந்ததோ வேறு எண். ஹெல்பர் பையன் பிளேட்டுகளை மாற்றி மாட்டியிருக்கிறான்.

அதில் ஒன்றுக்கு டெஸ்டே அடுத்த நாள்தான். முடியாததற்கு முடிந்ததன் பெயர்! ரிவெட்டை உடைத்து மாற்றி மாட்டினோம். வண்டி ஏற்றுவதற்கு முன்னால் போய்ப் பார்த்தால், பெயிண்டர் இரண்டு பிளேட்டின் மேலும் சாம்பல் நிறத்தை நிதானமாக அடித்து முடித்திருந்தார்.