‘ஜனிதக மாற்றம்’ என்றால் பரம்பரை நோயா?

பெரியாற்றுப் பையன் (வண்டிப்பெரியாறு):
அம்மாவுக்கு 58 வயது. எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர். டாக்டர் மலையாளத்தில் ‘ஜனிதக மாற்றம்’ என்றார். ஜனனத்திலேயே வந்தது என்று நினைத்து, வீட்டிலும் அப்படியே சொல்லித் தொலைத்துவிட்டேன். தங்கச்சிக்கு உத்தமபாளையத்தில் பேசி முடித்த சம்பந்தம் இப்போது இழுபறியில். எங்களுக்கும் வருமா?

கம்பம் மாமா:
தம்பி, என் மச்சினருக்கும் இதேதான். கத்தி பட்டால் பரவும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று மாதத்தை நாட்டு மருந்தில் விட்டோம். நீங்கள் விடாதீர்கள். ஜீன் சமாச்சாரத்தை லேப் அக்கா சொல்லட்டும்.

லேப் அக்கா (கட்டப்பனை):
அம்மா புகையிலையை ஒதுக்குவது அந்தக் கன்னத்தில்தானே? ஜனிதக மாற்றம் என்றால் ஜீனில் மாற்றம், அவ்வளவுதான். பிறவியிலா, பிறகா என்று அந்த வார்த்தை சொல்லாது.

ஒரு செல் இரண்டாகும்போது அதிலுள்ள டிஎன்ஏவின் சுமார் 600 கோடி எழுத்துகள் நகலாகின்றன, கணக்கப்பிள்ளை செக்ரோலை (எஸ்டேட் ஆள் வருகைப் பதிவேட்டை) பெயர்த்து எழுதுகிற மாதிரி. புகையிலையில் உள்ள நைட்ரோசமைன் என்ற நச்சு டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் எழுத்து மாறிப்போகும். பிழை கண்டால் பெருகுவதை நிறுத்தவும், தேறாத செல்லைச் சாகவிடவும் டிபி53 என்று ஒரு ஜீன் உண்டு. அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என இரண்டு பிரதி. கேன்சர் வர, பெரும்பாலும் இரண்டுமே கெட வேண்டும், கூடவே வேறு சில ஜீன்களும். அதற்குத்தான் இத்தனை வருடம். (வெறும் பாக்கும் சாது இல்லை, அதுவும் கேன்சர் வரவைக்கும்.)

நல்ல செல்கள் ஸ்லைடில் அடுக்கடுக்காக, அடியில் ஒரு கோட்டோடு நிற்கும். இந்த நோயில் கோட்டைத் தாண்டிச் சதைக்குள் இறங்கி, சின்ன வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தது போல இளஞ்சிவப்பு வட்டங்களாகத் தெரியும். அதற்கு ‘முத்து’ என்று பெயர். வைத்தவரை என்ன சொல்ல!

மாறியது அந்தக் கன்னத்துச் செல்கள். நீங்கள் பிறந்தது கருமுட்டையிலிருந்து; கன்னத்து மாற்றம் அதற்குப் போகாது. எல்லாக் கேன்சரிலும் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு இதைக் காட்டுங்கள். அது சரி, வீட்டில் வேறு யார் போடுகிறீர்கள்?

பெரியாற்றுப் பையன்:
நான்தான் அக்கா. பாக்கெட் புகையிலை, வலது பக்கம். அங்கே வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது.

லேப் அக்கா:
துடைத்தால் போகிறதா?

பெரியாற்றுப் பையன்:
இல்லை.

லேப் அக்கா:
திங்கட்கிழமை அம்மாவோடு உனக்கும் ஒரு ஓபி சீட்டு போடு.