ஆச்சிக்கு ஆறு வயசுப் பிள்ளையைக் காவல் வைக்கலாமா?

பாளை மருமகள்:
எங்க அத்தைக்கு 78 வயது. அல்சைமர் என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் தின்ற இட்லி மத்தியானம் நினைவில் இல்லை. என் பெயர் பாதி நாள் வருவதில்லை. ஆனால் பல்லாங்குழியில் நாலு புளியமுத்து சேர்ந்துவிட்டால் "பசு!" என்று அள்ளுகிற கை மட்டும் இன்னும் தப்பவில்லை.

ஆட்டத்துக்குக் கூட்டு என் மகள், ஒண்ணாம் வகுப்பு. அவளை அத்தை 'கோமு' என்றுதான் கூப்பிடுகிறார். கோமு அத்தையின் தங்கை, இறந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. நானும் வீட்டுக்காரரும் திருத்தித் திருத்தி அலுத்துப்போனோம். மகள் ஒரு நாளும் திருத்தியதில்லை.
"கோமு, உனக்கு எத்தனை பசு?"
"மூணு, அக்கா."
அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் மாடியில் துணி எடுத்துவிட்டு இறங்கினால் கேட் திறந்து கிடக்கிறது. அந்த நேரத்தில்தான் அத்தை "வீட்டுக்குப் போகணும்" என்று ஆரம்பிப்பார். இதுதான் உங்க வீடு என்று நாங்கள் தொண்டை வற்றக் கத்துவோம். பதறி ஓடினால், மாவுமில் முனையில் ரெண்டு பேரும் கைகோத்து வருகிறார்கள். மகள் சொல்கிறாள்: "ஆச்சிக்கு வீட்டுக்குப் போகணுமாம். ஒரு சுத்து சுத்திட்டு நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன்."

சிரிக்கவா அழவா? இந்தக் கோமு விளையாட்டை விடலாமா? இனி இவர்களைத் தனியே விடலாமா?

பழைய காவல்காரன்:
எங்க அப்பாவை ஆறு வருஷம் பார்த்தவன் நான். கோமு செத்துப்போனதை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவங்களுக்கு அது புது எழவு. பிள்ளை செய்வதுதான் சரி. ஆனால் தெருவுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது உங்க அதிர்ஷ்டம், அடுத்த தடவைக்கு அதை நம்பாதீங்க. கேட்டுக்குக் கண்ணில் படாத உயரத்தில் ஒரு கொண்டி போடுங்க. சுருக்குப்பையில் போன் நம்பர் எழுதி வையுங்க. பொழுது சாயும் முன்னாலேயே விளக்கைப் போட்டுவிடுங்க, இருட்டும் நிழலும் சேர்ந்தால் குழப்பம் கூடும்.

நர்ஸக்கா:
இந்தக் குழப்பம் நாலைந்து நாளில் திடீரென்று கூடியதா, தங்கச்சி? அப்படியென்றால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பாருங்க. வயசானவங்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் அது வரும். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது, கட்டணம் கிடையாது. பிள்ளைக்கு ஒரே வேலைதான்: ஆச்சி வாசல்படி இறங்கினால் அம்மாவைக் கூப்பிடணும். ஆச்சியைக் காப்பது அவள் பொறுப்பில்லை.

சும்மா ஒருத்தி:
தன் பெயர் ஆச்சிக்கு வரவில்லையே என்று பிள்ளைக்கு வருத்தம் இல்லையா? கேட்டீங்களா?

பாளை மருமகள்:
நேற்று ராத்திரி கேட்டேன். "என் பேரு ஸ்கூல்ல இருக்கும்மா. ஆச்சிகிட்ட நான் கோமு" என்றாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

திடீரென்று கூடவில்லை அக்கா, ஆனாலும் நாளைக்கே டெஸ்டுக்குக் கூட்டிப் போகிறேன். கொண்டி போட ஆசாரி ஞாயிறு வருகிறார். பல்லாங்குழியில் ரெண்டு முத்து குறைகிறது. அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். மகளுக்கு அது தெரியும், வாயே திறக்கவில்லை.