பைடெஸ்டில் எதிர்பார்த்த பிழையைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே, பைத்தான் கோடைச் சோதிக்கும் பைடெஸ்ட் கருவி பற்றி ஒரு சந்தேகம். தொகை மைனஸில் வந்தால் எங்கள் ஃபங்ஷன் வேல்யூஎரர் (மதிப்பு தவறு என்று சொல்லும் பிழை) எழுப்ப வேண்டும். அதற்கான டெஸ்டில், எதிர்பார்த்த பிழை எழுகிறதா என்று பார்க்கும் பைடெஸ்ட்.ரெய்சஸ் இருக்கிறது, பாஸும் ஆகிறது. ஆனால் தொகையைச் சோதிக்கும் வரியையே நீக்கிவிட்டு ஓட்டினாலும் பாஸ்தான்! காரணம், டெஸ்டுக்குக் கொடுக்கும் ஜேசனில் (தரவை எழுதும் ஓர் உரை வடிவம்) ஒரு காற்புள்ளி கூடுதல். அதனால் ஜேசனைப் படிக்க முடியாமல் எழும் ஜேசன்டிகோடுஎரரும் வேல்யூஎரரின் வாரிசு வகுப்புதான், அதனால் ரெய்சஸ் அதையே ஏற்றுக்கொள்கிறது. இப்படிப் பொய்யாகத் தேறும் டெஸ்ட், டெஸ்டே இல்லாததைவிட ஆபத்து என்று நினைக்கிறேன்.

ரெய்சஸில் மேட்ச் என்ற அளவுருவைக் கொடுத்துப் பிழைச் செய்தியையும் பார்க்கலாம். ஆனால் அது ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் வடிவம் தேடும் குறிமுறை), அடைப்புக்குறி இருந்தால் முன்னால் பின்சாய்வுக்கோடு போட்டு எஸ்கேப் செய்ய வேண்டும். அப்புறம், யாராவது செய்தியைத் திருத்தினாலே டெஸ்ட் உடையும். வேல்யூஎரரிலிருந்து தனி எக்ஸெப்ஷன் (பிழை) வகுப்பு எழுதுவதா, மேட்ச் போதுமா? பெரிய ப்ராஜெக்டில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.