டெபியன் 13க்கு மாறிய பிறகு, லைப்ரரிகளைச் சோதிக்கும்போது மட்டும் கணினி ஹேங் ஆகிறது

வால்மீன்:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் என் பழைய மடிக்கணினியில் உள்ள டெபியன் லினக்ஸை 12இலிருந்து 13க்கு மேம்படுத்தினேன். 4 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மேம்படுத்தல் ஒரு பிழைச்செய்தி கூட இல்லாமல் முடிந்தது. அதன்பின் நானே கம்பைல் செய்து வைத்திருந்த ஒரு வீடியோ கருவி மட்டும் திறக்க மறுத்தது, லிப்ஏவிகோடெக் 59 என்ற வீடியோ லைப்ரரியைக் காணோம் என்றது. சரி, இதைப்போல வேறு எவையெல்லாம் உடைந்திருக்கின்றன என்று மொத்தமாகப் பார்த்துவிடலாம் என நினைத்து, 11இலிருந்து 12க்கு வந்தபோது எழுதிய ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டினேன். அது /யூஎஸ்ஆர், /ஆப்ட் இரண்டிலும் உள்ள ஒவ்வொரு நிரலையும் லைப்ரரியையும் எடுத்து, தேவையான லைப்ரரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் எல்டிடி கட்டளைக்கு ஒரே நேரத்தில் நான்கு நான்காகக் கொடுக்கும், விரிவான லாக் எழுதும். அப்போது ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடி முடிந்த அதே ஸ்கிரிப்ட்தான், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

இப்போது கால்மணி நேரத்துக்குள் மவுஸ் திக்கித் திக்கி நகர ஆரம்பிக்கிறது, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. பத்து நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. இதுவரை மூன்று முறை. ஒவ்வொரு முறையும் டெர்மினலில் கடைசியாகத் தெரியும் கோப்பு வேறு வேறு. மறுபடி இயக்கிய பின், கணினியின் செய்திகள் பதிவாகும் ஜர்னலில் பார்த்தால் சந்தேகப்படும்படி ஒரு வரியும் இல்லை. ஸ்கிரிப்ட் எழுதியிருக்க வேண்டிய லாக் கோப்புகளும் ஒன்றுகூட இல்லை, அதனால் டிஸ்க்கே எழுத மறுக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன், பிழை இல்லை. பூட் மெனுவில் இன்னும் இருக்கும் பழைய 6.1 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஏறியும் பார்த்தேன், அதே கதை. பிரவுசரை மூடிவிட்டு ஓட்டினால் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குகிறது. எந்த லைப்ரரி இப்படிச் செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டுமா?

தேனீ:

முதலில் பவர் பொத்தானை விடுங்கள். ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூ விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற மூன்றையும் சில விநாடி இடைவெளியில் அழுத்தினால், எழுதாமல் நிற்பதை டிஸ்க்கில் எழுதி, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று மாற்றி, பிறகு ரீபூட் ஆகும். இது வேலை செய்ய கெர்னல் அமைப்பில் சிஸ்ஆர்க்யூ மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள். ஒரு விஷயம், டெபியன் 13இல் பழைய சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப் கோப்பை, கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி கண்டுகொள்வதில்லை. /இடிசி/சிஸ்சிடிஎல் டாட் டி அடைவுக்குள் டாட் கான்ஃப் என்று முடியும் தனிக் கோப்பாகப் போட்டால்தான் எடுத்துக்கொள்ளும்.

எனக்கு டிஸ்க் மேல்தான் சந்தேகம். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கொடுத்து 5, 197, 199 ஆகிய எண்களுக்கு எதிரே என்ன மதிப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். முதல் இரண்டும் மோசமான செக்டர்களைப் பற்றியவை, 199 பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்புச் சிக்கலைக் காட்டும்.

அதோடு, எல்டிடியே இல்லாமல் அதே கோப்புகளை வெறுமனே படித்துப் பாருங்கள், கேட் கட்டளையால் /டெவ்/நல்லுக்கு (அனுப்புவதையெல்லாம் வீசிவிடும் இடம்) அனுப்பினால் போதும். அதிலும் ஹேங் ஆனால் லைப்ரரிகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்துவிடும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், குனூ டார் வெளியீடு /டெவ்/நல் என்று தெரிந்தால் கோப்பின் உள்ளடக்கத்தைப் படிக்காமலே முடித்துவிடும், நாம் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துபோவோம்.

இன்னொரு கணினி இருந்தால், ஹேங் ஆகும் முன்பே எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து கெர்னல் செய்திகளை ஓடவிட்டு வையுங்கள். டிஸ்க் கையை விரித்துவிட்டால் அதைப் பற்றிய செய்தியை எழுதவும் அதே டிஸ்க்தானே வேண்டும், அதனால்தான் பல நேரம் ஜர்னல் காலியாக இருக்கிறது. கணினி பதில் சொல்கிறதா என்று அங்கிருந்து பிங்கும் கொடுத்துப் பாருங்கள்.

வால்மீன்:

மிக்க நன்றி. எல்லாம் செய்து பார்த்தேன். 5, 197, 199 மூன்றும் பூஜ்யம். கேட் கொண்டு எல்லாக் கோப்புகளையும் படித்தது சில நிமிடங்களில் முடிந்தது, ஒரு தடங்கலும் இல்லை.

பிறகு ஸ்கிரிப்டை ஓட்டி ஹேங் ஆன பின் இன்னொரு கணினியிலிருந்து பார்த்தேன். பிங்குக்கு உடனுக்குடன் பதில் வருகிறது! ஆனால் புதிதாக எஸ்எஸ்எச் கொடுத்தால் கடவுச்சொல் கேட்கவே இரண்டு நிமிடம் ஆனது, கொடுத்த பிறகு கட்டளை தட்டும் ஷெல் வரவே இல்லை. முன்பே திறந்து வைத்திருந்த சாளரத்தில் கெர்னல் செய்தி புதிதாக ஒன்றும் வரவில்லை. எஸ், யு, பி வேலை செய்தது, அதற்குத் தனியாக நன்றி.

நீர்ச்சுழி:

பிங் வருகிறது, ஷெல் வரவில்லை என்பதுதான் இதில் முக்கியமான தகவல். பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னல், அதன் கோடு (நிரல் வரிகள்) எப்போதும் ரேமிலேயே இருக்கும், வெளியே தள்ளப்படாது. ஷெல் அப்படியில்லை, அதன் கோடை டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு ஏற்ற வேண்டும். டிஸ்க் செத்திருந்தால் கடவுச்சொல் கேட்கும் அளவுக்குக்கூட வந்திருக்காது, கெர்னல் செய்திகளிலும் டைம்அவுட் புலம்பல்கள் நிறைந்திருக்கும். ஆக கெர்னலும் உயிரோடு இருக்கிறது, டிஸ்க்கும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கணினிக்கு ரேம் போதாமல் மூச்சு முட்டுகிறது.

விளக்கு ஏன் அணையாமல் எரிகிறது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கோடு பக்கங்களை, அதாவது அவற்றின் துண்டுகளை, கெர்னல் எப்போது வேண்டுமானாலும் ரேமிலிருந்து தூக்கி எறியலாம், டிஸ்க்கில் மூலம் இருக்கிறதே, தேவைப்பட்டால் திரும்பப் படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. ரேம் தீர்ந்ததும் அது இதைச் செய்ய ஆரம்பிக்கும். மவுஸை நகர்த்தத் தேவையான பக்கத்தை எறிந்துவிட்டு டெர்மினலின் பக்கத்தை ஏற்றும், அடுத்த நொடி டெர்மினலை எறிந்துவிட்டு மவுஸை ஏற்றும். இப்படி எறிவதும் ஏற்றுவதுமாகவே நேரம் போய்விடும். இந்த நிலையில், ரேம் தீர்ந்தால் ஏதாவது ஒரு பிராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் சீக்கிரம் வராது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஏதோ கொஞ்சம் இடம் கிடைத்துக்கொண்டே இருப்பதால் நிலைமை சமாளிக்கக் கூடியது என்றே கெர்னல் நினைக்கிறது. அதனால்தான் உங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை.

கேட் கொண்டு படித்தபோது ஒன்றும் ஆகவில்லை, ஆகவே ரேமைத் தின்பது படிக்கும் வேலை இல்லை. மூன்று கேள்விகள் கேட்கிறேன். ரேம் நிரம்பும்போது உதவிக்கு டிஸ்க்கில் ஒதுக்கும் ஸ்வாப் இருக்கிறதா? ஸ்கிரிப்ட் ஓடும்போது ஃப்ரீ கட்டளையில் ஷேர்ட் என்ற பத்தி ஏறிக்கொண்டே போகிறதா? அந்த விரிவான லாக் எந்த அடைவுக்குப் போகிறது? மூன்றாவதற்கு /டெம்ப் என்று பதில் வரும் என எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் ரீபூட்டுக்குப் பின் லாக் கோப்பு ஒன்றுகூட இல்லை என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறீர்கள்.

வால்மீன்:

ஆமாம், /டெம்ப்தான்! ஸ்வாப் கிடையாது, எஸ்எஸ்டி போட்டபோது தேய்மானம் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். ஷேர்ட் பத்தி ஆரம்பத்தில் சுமார் 150 எம்பி இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 1.6 ஜிபி வரை போய்விட்டது. அந்த இடத்தில் ஸ்கிரிப்டை நிறுத்தினேன், ஆனாலும் எண் இறங்கவில்லை.

ஸ்கிரிப்டில் எல்டிடியை -ஆர் விருப்பத்தோடு கூப்பிடுகிறேன், அதற்கு முன் எல்டி_டீபக் மாறியை ஆல் என்றும், எல்டி_டீபக்_அவுட்புட் மாறியை /டெம்ப் அடைவுக்குள் ஒரு பெயராகவும் வைத்திருக்கிறேன். அன்று ஏதோ ஒரு சிம்பலை (லைப்ரரிக்குள் உள்ள செயல்பாட்டின் பெயர்) தேட வேண்டியிருந்தது, அதற்காகப் போட்டது அப்படியே இருந்திருக்கிறது.

நீர்ச்சுழி:

அதேதான். டெபியன் 13இல் /டெம்ப் டிஸ்க்கில் இல்லை, இயல்பாகவே டெம்ப்எஃப்எஸ் ஆகிவிட்டது, அதாவது ரேமில் இருக்கிறது, ஷேர்ட் பத்தியில் ஏறியதும் அதுதான். மொத்த ரேமில் பாதி வரை அது வளரலாம், உங்களுக்குக் கிட்டத்தட்ட 1.9 ஜிபி. மேம்படுத்திய கணினிகளிலும் அடுத்த ரீபூட்டிலிருந்து இது நடப்புக்கு வரும். இது பிழை இல்லை, வெளியீட்டுக் குறிப்புகளில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஃபெடோரா 18ஆம் பதிப்பிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. இந்த மவுண்டைச் செய்வது சிஸ்டம்டி, அதனால்தான் 6.1 கெர்னலில் ஏறியும் உங்களுக்கு மாற்றம் தெரியவில்லை.

எல்டி_டீபக் ஆல் என்பது எவ்வளவு கொட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். -ஆர் போட்டால் ஒவ்வொரு சிம்பலும் தேடப்படும், எந்த எந்த லைப்ரரியில் தேடினேன் என்று ஒவ்வொரு தேடலுக்கும் வரி வரியாக எழுதும். அதுவும் ஒரே கோப்பில் இல்லை, கொடுத்த பெயருக்குப் பின்னால் பிராசஸ் எண்ணைச் சேர்த்து ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு கோப்பு. எல்டிடி என்பதே பாஷ் என்ற ஷெல் ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட். ஆகவே நீங்கள் சோதிக்கும் நிரலுக்கு மட்டுமல்லாமல் அந்த பாஷுக்கும் சேர்த்து லாக் விழும். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு இதைச் செய்தால் கால்மணி நேரம் தாங்கியதே பெரிது.

ஸ்கிரிப்டை நிறுத்தியும் எண் இறங்காததுக்குக் காரணம், அந்த இடத்தைப் பிடித்திருப்பது பிராசஸ் அல்ல, கோப்புகள். ஓஓஎம் கில்லர் வந்து எதைக் கொன்றாலும் டெம்ப்எஃப்எஸ்ஸில் உள்ள கோப்புகள் போகாது. நீங்கள்தான் அழிக்க வேண்டும். ஸ்வாப் இருந்திருந்தால் அவை கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போயிருக்கும், அதுவும் இல்லை. 4 ஜிபி கணினியில் ஸ்வாப் இல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, 2 ஜிபியில் ஒரு ஸ்வாப் கோப்பாவது வையுங்கள். எஸ்எஸ்டி தேய்மானத்துக்காக இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

இப்போதைக்கு லாக்கை /வார்/டெம்ப்புக்கு மாற்றுங்கள், அது டிஸ்க்கில்தான் இருக்கிறது. எல்டி_டீபக் வரிகள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பழையபடி /டெம்ப் டிஸ்க்கிலேயே வேண்டும் என்றால் சிஸ்டம்சிடிஎல் மூலம் டெம்ப் டாட் மவுண்ட் யூனிட்டை மாஸ்க் செய்து, அதாவது தொடங்காமல் தடுத்து, ரீபூட் கொடுத்தால் போதும். நான் அப்படிச் செய்யவில்லை, அளவைக் குறைத்து வைத்திருக்கிறேன்.

ஆழி:

காரணம் கிடைத்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் அந்த ஸ்கிரிப்ட் செய்யும் வேலையே பெரும்பாலும் தேவையற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. /யூஎஸ்ஆர்/லிப்பில் உள்ள பொதிகளுக்கு எது எதைச் சார்ந்தது என்று பொதி மேலாளருக்குத் தெரியும். டிபிகேஜி ஆடிட், ஏபிடி செக் இரண்டும் சுத்தமாக இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியவை /யூஎஸ்ஆர்/லோக்கல், /ஆப்ட், உங்கள் ஹோம் அடைவில் நீங்களே கட்டியவை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சோதித்தால் பொய் எச்சரிக்கைகள்தான் நிறைய வரும். பெரிய நிரல்களின் பிளகின் லைப்ரரிகளைத் தனியாக எடுத்து எல்டிடிக்குக் கொடுத்தால் காணோம் என்றுதான் சொல்லும், தாய் நிரல் அந்த லைப்ரரிகளை முன்பே ஏற்றிவைத்திருக்கும் என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்று, எங்கிருந்தோ இறக்கிய நிரல்கள் மேல் எல்டிடியை ஓட்டாதீர்கள். சில சூழல்களில் அது அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும், அதன் கையேட்டுப் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. ரீட்எல்ஃப் -டி கொடுத்தால் எதையும் இயக்காமல், தேவைப்படும் லைப்ரரிகளின் நீடட் பட்டியலை மட்டும் படித்துக் காட்டும்.

லிப்ஏவிகோடெக் 59 இல்லாததற்குக் காரணம், அதைத் தரும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் 5.1இலிருந்து 7.1க்குப் போய்விட்டது, இப்போது இருப்பது 61. சிலர் 61க்கு 59 என்று ஒரு சிம்லிங்க், அதாவது மாற்றுப் பெயர், போட்டுவிடச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். எண் மாறியிருப்பதே உள்ளே உள்ள கட்டமைப்பு ஒத்துப்போகாது என்பதால்தான். திறந்தாலும் பாதி வீடியோவில் விழும், இல்லையென்றால் விழாமல் தவறான வெளியீட்டைக் கொடுக்கும், அது இன்னும் மோசம். மறுபடி கம்பைல் செய்யுங்கள். பைத்தான் விர்ச்சுவல் சூழல்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள், 3.11 போய் 3.13 வந்திருக்கிறது, பழையவற்றைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

வால்மீன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டீபக் வரிகளை நீக்கி, /யூஎஸ்ஆர்/லோக்கல், /ஆப்ட், ஹோம் மூன்றுக்கும் மட்டும் ரீட்எல்ஃப் வைத்து எழுதினேன், ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. உடைந்தவை இரண்டே இரண்டு, அந்த வீடியோ கருவியும், ஐசியூ 72 என்ற லைப்ரரியைத் தேடும் பழைய அகராதி நிரலும். இரண்டையும் மறுபடி கம்பைல் செய்துவிட்டேன், இரண்டும் ஓடுகின்றன. விர்ச்சுவல் சூழல்களில் மூன்று உடைந்திருந்தன, அவற்றையும் புதிதாக உருவாக்கிவிட்டேன். ஸ்வாப் கோப்பும் வைத்தாயிற்று.

பழைய ஸ்கிரிப்டையும் ஆவலுக்காக /வார்/டெம்ப்புக்கு லாக் போகும்படி மாற்றி முழுதாக ஓட்டினேன். ஹேங் ஆகவில்லை, ஷேர்ட் பத்தி அசையவே இல்லை. லாக் மட்டும் 11 ஜிபி.

கடைசியாக ஒன்று. மேம்படுத்தும் முன் /டெம்ப்பில் சில கோப்புகள் வைத்திருந்தேன், இப்போது அங்கே தெரியவில்லை. அவை போயே போய்விட்டனவா?

நீர்ச்சுழி:

இருக்கத்தான் வேண்டும். டிஸ்க்கில் உள்ள பழைய /டெம்ப் மேல் டெம்ப்எஃப்எஸ் ஏறி உட்கார்ந்திருப்பதால் மறைந்திருக்கின்றன. ரூட்டை, அதாவது /ஐ, /எம்என்டி மேல் பைண்ட் மவுண்ட் செய்யுங்கள், அதாவது அதே அடைவை அங்கேயும் தெரிய வையுங்கள். /எம்என்டி/டெம்ப்புக்குள் பழைய கோப்புகள் தெரியும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டால் டிஸ்க்கிலும் இடம் கிடைக்கும். முடிந்ததும் மறக்காமல் அன்மவுண்ட் செய்துவிடுங்கள்.

வால்மீன்:

எல்லாம் அப்படியே இருக்கின்றன, எடுத்துவிட்டேன்.