பக்கத்துக் கற்றையையும் பாருங்கள்: நரம்பு பயாப்சி அனுபவங்கள்

ஸ்லைடுபெட்டி:

நரம்பு பயாப்சி பார்த்தவர்கள், வெட்டிக் கொடுத்தவர்கள், காலில் தையலோடு வீட்டுக்குப் போனவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை நாள்பட உரிந்துபோகிற நோய்கள் பற்றித்தான் பேச்சு. முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பிஜி இரண்டாம் வருடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் நேரத்தில் ஒரு சுரல் நரம்பு கைக்கு வந்தது. வெளிப்பக்கக் கணுக்கால் முட்டுக்குப் பின்னால் ஓடுகிற உணர்ச்சி நரம்பு அது. ரெசினில் புதைத்து, ஒரு மைக்ரான் கனத்தில் சீவி, டொலுயிடின் நீலம் போட்டிருந்தார்கள். நல்ல நரம்பென்றால் மயலின் உறைகள் கருநீல வளையங்களாகப் பெரிதும் சிறிதுமாக, வளையல் கடைத் தட்டு மாதிரி நெருக்கமாகத் தெரியும். இதில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இருந்தவற்றிலும் உறை மெலிந்து கிடந்தது. ஆக்ஸானின், அதாவது உறைக்குள் ஓடும் நடுத்தண்டின் விட்டத்தை உறையோடு சேர்ந்த விட்டத்தால் வகுத்தால் சாதாரணமாக 0.6, 0.7 வரும், இங்கே அளக்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது. ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் கோடுகள், வட்டத்துக்குள் வட்டம். பஜ்ஜிக்குக் குறுக்கே நறுக்கிய வெங்காயமேதான்.

புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த வெங்காயக் குமிழ்! உறை உரிந்தால், உறையைப் போடுகிற ஷ்வான் செல்கள் பெருகி, அதில் ஒன்று வந்து புதிதாகச் சுற்றும். அதுவும் உரியும், மறுபடி ஒன்று வரும். வேலையில்லாமல் போன செல்களின் கைகள் மட்டும் கொலாஜனோடு சேர்ந்து வட்டவட்டமாகச் சுற்றி நின்றுவிடும். உறை போனதற்கு மட்டுமல்ல, நரம்பு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததற்கும் அதுதான் தடயம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "பரம்பரை நரம்பு நோய், சார்கோ–மாரி–டூத் வகை" என்று எழுதி, கையோடு கொண்டுபோய் எங்கள் பேராசிரியை மேடத்திடம் நீட்டினேன்.

மேடம் ஒன்றும் சொல்லவில்லை. மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடைப் போட்டு, குமிழைப் பத்து விநாடி பார்த்துவிட்டு, மேடையின் திருகைத் திருப்பினார். பக்கத்துக் கற்றை வந்தது (ஒரு நரம்புக்குள் இழைகள் இப்படிப் பல கட்டுகளாக இருக்கும்). அது ஏறக்குறைய முழு நலத்தோடு இருந்தது. அடுத்தது பாதி. அதற்கடுத்ததில் மறுபடி வெங்காயம்.

"அப்பா அம்மாகிட்ட இருந்து வந்த ஜீன் ஒரு கத்தையை மட்டும் பார்த்துப் பிடிக்குமாம்மா?"

இன்றுவரை காதில் நிற்கும் கேள்வி. சிஎம்டி என்று சுருக்கிச் சொல்லும் இந்தப் பரம்பரை நோயில் அதிகம் காணப்படும் வகை சிஎம்டி 1ஏ. 17-ஆவது குரோமோசோமில் பிஎம்பி22 ஜீன் இருக்கும் துண்டு இரட்டிப்பதால் வருவது, 1991-இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் கூடுதல் பிரதி உடம்பின் எல்லா ஷ்வான் செல்லிலும் இருக்கும். ஆகவே கற்றைக்குக் கற்றை சேதம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு கற்றை செத்து, பக்கத்துக் கற்றை பிழைத்திருந்தால் வெளியிலிருந்து ஏதோ தாக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். தேடினால் கற்றைக்குள் மயலினைத் தின்னும் மேக்ரோஃபேஜ் செல்களும் அகப்பட்டன. நோயாளியின் கேஸ்ஷீட்டை அப்புறம்தான் நான் படித்தேன், வெட்கக்கேடு. தறி ஓட்டுபவர், மூன்று வருடமாக ஏறி இறங்கி வரும் பலவீனம், குடும்பத்தில் யாருக்கும் இல்லை. சிஐடிபி, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே மயலினைத் தாக்கும் நாள்பட்ட நரம்பு நோய். இரண்டு நோய்க்கும் வெங்காயம் ஒன்றுதான். ஆனால் சிஐடிபிக்கு ஸ்டீராய்டு, ஐவிஐஜி (ரத்த நாளத்தில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்து), பிளாஸ்மா மாற்று என்று மருந்து உண்டு. மற்றதற்கு அந்த மருந்துகளால் பயனில்லை. நான் எழுதியதே ரிப்போர்ட்டாகப் போயிருந்தால் அவர் மருந்தில்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார்.

(சிஐடிபியும் சிலருக்கு எல்லாக் கற்றையிலும் பரவி நிற்கும். அப்போது குடும்பத்தை விசாரித்து, ஜீனையும் பார்க்காமல் எதுவும் எழுதாதீர்கள்.)

கண்ணாடிக்கத்தி:

டெக்னீசியன் நான். ஸ்லைடுபெட்டி மேடம் சொன்ன வளையல் தட்டு உங்கள் கண்ணுக்கு வருவதற்குள் எங்களுக்கு ஒரு வாரம் போய்விடும். நரம்பை ஒரு அட்டைத் துண்டில் லேசாக நீட்டி ஒட்டவைத்து குளுட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம். ஒரு தடவை தியேட்டரிலிருந்து வந்த துண்டை நடுவில் இடுக்கியால் பிடித்திருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். நசுங்கின இடத்தில் மயலின் உடைந்து உருண்டை உருண்டையாக நின்றது. நோய் பண்ணினதா இடுக்கி பண்ணினதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவுக்குக் கால் மரத்ததுதான் மிச்சம்.

எனக்குப் பிடித்த வேலை இழை பிரிப்பது. மயலினைக் கறுப்பாக்கும் ஒஸ்மியத்தில் ஊறின நரம்பு கன்னங்கரேலென்று வரும். அதன் ஆவி கண்ணின் கருவிழியையே கெடுத்துவிடும் என்பதால் புகைக்கூண்டுக்குள்தான் எல்லாம். பிறகு கிளிசரின் சொட்டில் போட்டு, இரண்டு ஊசியால் ஒவ்வொரு இழையாகப் பிரிக்க வேண்டும். மாசம் முழுக்க எண்ணெய் வைக்காத தலையில் சிக்கெடுக்கிற மாதிரி! மூச்சை இழுத்துவிட்டால் இழை அறுந்துவிடும். பெரிய இழைகளில் ஒரு ரான்வியர் கணுவிலிருந்து (உறைத் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) அடுத்த கணு வரை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீளும் கறுப்புக் கம்பி. நோய் வந்த இழையில் கம்பி கொஞ்ச தூரம் போய், திடீரென்று வெறுமையாகி, அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். உறை மறுபடி வந்த இடங்களில் துண்டுகள் குட்டையாக, சாம்பல் நிறத்தில், ஒன்றுக்கொன்று அளவே ஒத்துவராமல் இருக்கும். 1880-இல் கொம்போ என்ற பிரெஞ்சுக்காரர் ஈயம் கொடுத்த கினிப்பன்றிகளின் நரம்பைப் பிரித்துத்தான், ஆக்ஸான் பிழைத்திருக்க உறை மட்டும் துண்டு துண்டாகப் போகும் என்று கண்டுகொண்டார். மெஷினெல்லாம் கிடையாது, ஊசியும் பொறுமையும்தான்.

செருப்புகழன்றவன்:

நான் டாக்டர் இல்லை, சிஐடிபிகாரன். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று தெரியும். நியூராலஜிஸ்ட் முதலில் கேட்டதே அதுதான்: "செருப்பு தெரிஞ்சு கழலுதா, தெரியாம கழலுதா?" தெரிந்து கழன்றால் கால் பலவீனமாம், தெரியாமல் கழன்றால் உணர்ச்சியே போய்விட்டதாம். எனக்கு இரண்டும்.

பயாப்சிக்கு மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், நரம்பை அறுத்த அந்த ஒரு நொடி சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்தது. பாதத்தின் வெளி ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு இன்னும் மரத்தே இருக்கிறது. கையெழுத்து வாங்கும்போது அதைச் சொன்னார்கள், ஆனால் நிரந்தரம் என்று எனக்கு உறைக்கும்படி சொல்லவில்லை. ஐவிஐஜி ஏறின பிறகு மாடிப்படி ஏறுகிறேன். ஒரு சந்தேகம்: என் காலில் எடுத்த துண்டு இப்போது எங்கே இருக்கும்?

முழங்கைதடவி:

மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. தடித்த நரம்பைத் தொட்டதும் வெங்காயத்துக்குத் தாவாதீர்கள். நம் ஊரில் முழங்கைப் பள்ளத்தில் அல்நார் நரம்பு கயிறு மாதிரி உருண்டால் முதலில் தொழுநோயை நினைக்க வேண்டும். ஹான்சன் 1873-இல் கண்ட அந்தக் கிருமி ஷ்வான் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். தோலில் ஒரு தேமல்கூட இல்லாமல் நரம்பில் மட்டும் வருவதும் உண்டு. என்னிடம் வந்த ஒருவர் ஒன்றரை வருடம் சர்க்கரை நரம்புக்கோளாறு என்று மாத்திரை சாப்பிட்டவர். பயாப்சியில், தொழுநோய்க் கிருமியைக் காட்டும் ஃபைட் சாயத்தில் சிவப்புக் குச்சிகள் கொத்தாகத் தெரிந்தன.

புதுபிஜி:

மேடம், எனக்கும் ஒரு அசட்டுத்தனம். கற்றையைச் சுற்றிய பெரிநியூரியம் என்ற உறையை ஒட்டி உள்பக்கமாக வெளிர் சுழல் ஒன்றைப் பார்த்து "ராட்சத வெங்காயம்" என்று டிபார்ட்மெண்ட் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினேன். ரெனோ உருவமாம், நோயே கிடையாதாம். நடுவில் ஆக்ஸான் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. இப்போது கேன்டீனில் என் பெயரே ரெனோ.

ஸ்லைடுபெட்டி:

ரெனோவை 1881-லிருந்தே ஆட்கள் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்கிறார்கள், கவலைப்படாதே.

முழங்கை சார் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கண்ணாடிக்கத்தி அண்ணே சொன்ன இழை பிரிப்பை இப்போது பல இடங்களில் செய்வதே இல்லை, அது நஷ்டம்தான். பயாப்சியே குறைந்துவிட்டது. பிஎம்பி22 சோதனை ரத்தத்திலேயே ஆகிவிடுகிறது. கணுவருகே உள்ள நியூரோஃபேசின், கான்டாக்டின் புரதங்களைத் தாக்கும் ஆன்டிபாடி உள்ளவர்களை 2021 ஐரோப்பிய வழிகாட்டுதல் சிஐடிபியிலிருந்தே பிரித்துவிட்டது. அவர்களுக்கு ஐவிஐஜி சரியாகக் கேட்காது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மேக்ரோஃபேஜ் உரிக்கும் காட்சி இருக்காது. கணுவின் ஓரத்தில் மயலின் சுருள்கள் ஆக்ஸானை விட்டு மெல்ல விலகி நிற்கும். என் பழைய பெட்டியில் எத்தனை பேருக்கு சிஐடிபிக்குப் பதில் அந்த வேறு நோயின் பெயர் வந்திருக்க வேண்டுமோ என்று சில ராத்திரி யோசிப்பதுண்டு.

செருப்பு சார், உங்கள் கேள்விக்குக் கத்தி அண்ணே பதில் சொன்னால்தான் சரி.

கண்ணாடிக்கத்தி:

எங்கள் மாதிரி லேபில் செய்திருந்தால் டிராயரில் இருக்கும் சார். ரெசின் பிளாக் கெட்டுப்போகாது. மாத்திரை அளவில் மஞ்சள் கண்ணாடி மாதிரி இருக்கும், நுனியில் மிளகை உடைத்த அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் உங்கள் நரம்பு. ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் இருக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பரைச் சொன்னால் தேடி எடுத்து இன்னொரு வெட்டு போட்டுவிடலாம்.